தங்கவயல் வரலாறு – 14: மிக்கேலின் போரும் மனிதரின் பகையும்

கோலார் தங்கவயலின் உரிகத்தில் ஆங்கிலேயர் கட்டிக்கொண்ட ஆலயத்துக்குத் தூய மிக்கேல், சகல தேவதூதர்கள் ஆலயம் என்று பெயர். சாம்பியன் ரீஃப்பில் கத்தோலிக்கர் எழுப்பியது வெற்றி அன்னை ஆலயம். இரண்டுமே போர்க்களத்திலிருந்து வந்த பெயர்கள்.

மிக்கேல், விண்ணில் நடந்ததாக வேதம் சொல்லும் போரின் தளபதி. வலுசர்ப்பத்தையும் அதன் தூதரையும் எதிர்த்து நின்று, அவர்களைப் பூமிக்குத் தள்ளியவர். அந்தப் போரில் மனிதன் எவனும் எதிரியாக நிற்கவில்லை. வெற்றி அன்னை என்ற பட்டத்தின் கதை வேறு. 1571 அக்டோபர் 7 அன்று லெப்பாந்தோ கடலில் துருக்கியக் கப்பற்படை தோற்றது. அந்த வெற்றி மாதாவின் பரிந்துரையால் கிடைத்தது என்று நம்பிய திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் அதற்கென ஒரு திருநாளை ஏற்படுத்தினார். அந்தக் கடலில் செத்தவர்கள் எல்லோரும் மனிதர்கள், இரு பக்கத்திலும்.

ஆவிகளோடு ஒரு போர், ஆட்களோடு ஒரு போர். கிறிஸ்தவ வரலாறு நெடுக இவை இரண்டும் ஒன்றோடொன்று கலந்துகொண்டே வந்திருக்கின்றன. தங்கவயலிலும் கலந்தன. சுரங்கம் தோண்ட லவேல் பெற்ற உரிமத்தையும், பின்னர் சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனியின் வருகையையும் முன் இதழ்களில் பார்த்துவிட்டோம். சுரங்கத்துக்கு வந்து சேர்ந்த மக்கள் தங்கள் பகைவன் என்று யாரைக் கருதினார்கள் என்பதை இந்த இதழில் பார்க்கலாம்.

முதலில் அந்தக் கதை. சாத்தானின் வீழ்ச்சி வேதாகமத்தில் ஓரிடத்தில் தொடர்ச்சியாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஏசாயா 14இல் வானத்திலிருந்து விழும் விடிவெள்ளி, பாபிலோன் அரசனைப் பழித்துச் சொன்னது. எசேக்கியேல் 28இல் ஏதேனில் இருந்து தள்ளப்படுபவன், தீரு பட்டணத்து அரசன். இரத்தினங்களாலும் பொன்னாலும் மூடப்பட்டவன், வாணிபத்தின் பெருக்கத்தால் கெட்டவன். யோபுவின் கதையில் சாத்தான் இன்னும் கடவுளின் சபைக்குள் வந்துபோகிறான். அங்கே அவன் வேலை மனிதன்மேல் குற்றம் சாட்டுவது. லூக்கா 10இல் சாத்தான் மின்னலைப்போல விழக் கண்டதாக இயேசு சொல்கிறார். வெளிப்படுத்தின விசேஷம் 12இல் மிக்கேலின் போர் வருகிறது. சிதறிக் கிடந்த இந்தத் துண்டுகளை, பெருமையால் விழுந்த ஒரு தூதனின் கதையாகச் சேர்த்துக் கட்டியதில் மூன்றாம் நூற்றாண்டு அறிஞர் ஒரிகேனுக்குப் பெரும் பங்கு உண்டு. பிறகு அகுஸ்தீன் அதற்குத் தத்துவம் எழுதினார். 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் அதைத் திருச்சபைப் போதனையாகவே அறிவித்தது: பிசாசுகளைக் கடவுள் நல்லவையாகவே படைத்தார், அவை தாமாகவே கெட்டன.

அந்த அறிவிப்பின் உட்பொருள் பெரியது. தீமைக்கென்று தனியே ஒரு கடவுள் கிடையாது. பிறப்பிலேயே தீயது என்று ஒன்றுமே கிடையாது. சாத்தானுக்கே அப்படியென்றால் மனிதனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பிறப்பால் தாழ்ந்தவர் என்று ஊர் ஒதுக்கி வைத்த மக்கள் இந்தச் சமயத்துக்குள் வந்தபோது, அந்தப் போதனையை மட்டும் அவர்களிடம் அழுத்தமாகச் சொல்லியிருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சுரங்க ஊருக்கு இன்னும் நெருக்கமான பழைய கதை ஒன்று உண்டு. யூதர்களின் ஏனோக்கு நூலில், எர்மோன் மலையில் இறங்கிய 200 தூதர்கள் மனிதப் பெண்களை மணக்கிறார்கள். அவர்களில் ஒருவனான அசாசேல், பூமியின் உலோகங்களையும் அவற்றை உருக்கி வாளும் அணிகலனும் செய்யும் வித்தையையும் மனிதருக்குக் காட்டிக்கொடுக்கிறான். அந்த நூல் பெரும்பாலான திருச்சபைகளின் வேதத்தில் சேரவில்லை. எத்தியோப்பியத் திருச்சபை மட்டும் அதை வேதமாக வைத்துக் காத்தது. இந்தக் கதையில், விழுந்த தூதன் மனிதனுக்குச் செய்த முதல் தீங்குகளில் ஒன்று உலோகம் தோண்டக் கற்றுக்கொடுத்தது. 1667இல் வெளிவந்த மில்டனின் காவியத்திலும் இது வேறு உருவில் வருகிறது. மம்மோன் என்ற பிசாசு விண்ணில் இருந்தபோதே தலையை நிமிர்த்தாமல் தரையில் பதித்த பொன்னையே பார்த்துக்கொண்டிருந்தவன். நரகத்தில் விழுந்ததும் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு மலையைக் குடைந்து தங்கம் எடுக்கிறான்.

ஆனால் வேதாகமத்திலேயே சுரங்கத்தைப் பற்றிய மிக நல்ல பகுதி யோபு 28ஆம் அதிகாரம். மனிதன் இருட்டுக்கு எல்லை கட்டுகிறான், ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் குழி வெட்டித் தொங்கி ஆடுகிறான், மலைகளை வேரோடு புரட்டுகிறான் என்று அது வர்ணிக்கிறது. அங்கே சாத்தானும் இல்லை, சாபமும் இல்லை. தோண்டுகிறவன்மேல் ஒரு வியப்புத்தான் இருக்கிறது. ஞானம் மட்டும் அந்தக் குழிகளில் கிடைக்காது என்று பாட்டு முடிகிறது. தங்கவயலின் பிரசங்க மேடைகளில் அசாசேலையும் மம்மோனையும்விட இந்த அதிகாரத்துக்கே அதிக உரிமை உண்டு.

மேற்பார்வைக்கு வந்த இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கக்காரர்கள் தங்கள் நம்பிக்கைகளோடுதான் கப்பலேறினார்கள். அவர்கள் பெரும்பாலும் மெதடிஸ்டுகள். அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அவர்களுடைய பாட்டன்மாருக்குப் பிரசங்கம் செய்த இடங்களில் புகழ்பெற்றது குவென்னாப் பள்ளம். அதுவே சுரங்கம் உள்வாங்கியதால் உண்டானதாகச் சொல்லப்படும் குழி. ஞாயிறன்று அந்தப் பக்தி, வேலை நாளில் வேறொன்று: வெள்ளீயச் சுரங்கத்துக்குள் தட்டும் ஓசை எழுப்பும் குள்ள ஆவிகள் உண்டு, உள்ளே சீழ்க்கை அடிக்கக்கூடாது, சிலுவைக் குறி போடக்கூடாது, கொண்டுபோன உணவில் ஒரு துண்டை அவற்றுக்குப் போட வேண்டும் என்பது கார்ன்வால் வழக்கம். பொலிவியாவின் பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்தில் இது இன்னும் வெளிப்படை. வெளியே கத்தோலிக்கராக இருப்பவர்கள், உள்ளே 'மாமா' என்று அழைக்கப்படும் கொம்பு வைத்த ஓர் உருவத்துக்குக் கோக்கா இலையும் சாராயமும் சிகரெட்டும் படைக்கிறார்கள். மண்ணுக்கு மேலே கடவுள், கீழே இவன் என்பது அவர்களது ஏற்பாடு. பொலிவியச் சுரங்கங்களின் இந்த வழக்கத்தைப் பற்றி மானிடவியலாளர் ஜூன் நாஷ் 1979இல் வெளியிட்ட நூலில் எழுதினார்.

தங்கவயலுக்கு வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் துரத்தி வந்தவர்கள். அவர்கள் கொண்டுவந்த பேய், விழுந்த தூதன் அல்ல. ஆயுசு முடியாமல் செத்தவர், ஆசை தீராமல் செத்தவர், அடித்துக் கொல்லப்பட்டவர்: இவர்களே பேயாக அலைவார்கள் என்பது தமிழ் ஊர்களின் நம்பிக்கை. கிறிஸ்தவப் போதனை இதை ஒப்புக்கொள்ளாது. செத்தவர் கடவுள் கையில். அலைவது பிசாசு, அது ஒருபோதும் மனிதனாக இருந்ததில்லை.

புத்தகத்தில் சிறிதாகத் தெரியும் இந்த வேறுபாடு, தொழிலாளர் குடியிருப்பான சுரங்க லைனில் மிகப் பெரியது. அங்கே அகால மரணத்துக்குக் குறைவே இல்லை. ஆழம் கூடக்கூட 'ஏர்பிளாஸ்ட்' கூடியது. தங்கம் ஓடிய குவார்ட்ஸ் பாறையை வெட்டி எடுத்த பின், மேலே இருக்கும் மலையின் பாரம் முழுவதும் மிச்சம் நிற்கும் பாறையின்மேல் இறங்கும். தாங்கும் வரை தாங்கி, ஒரு கணத்தில் அது வெடித்துச் சிதறும். மேலே ஊரில் பாத்திரம் அதிரும். கீழே யார் இருந்தார்கள் என்று தெரிய நேரமாகும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 3.2 கி.மீ. ஆழம் போனது, அங்கே பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இப்படிச் செத்த கணவன் பேயாக வந்து வாசலில் நிற்பான் என்று அஞ்சிய பெண்ணிடம், இல்லையம்மா, அவன் கடவுளிடம் இளைப்பாறுகிறான் என்று சொல்ல ஒரு சமயம் இருந்தது. அந்த ஆறுதலை நான் சிறிதாக எண்ணமாட்டேன். செத்தவனை எதிரியாக நினைக்க வேண்டிய கொடுமையிலிருந்து அது அவளை விடுவித்தது.

ஆனால் அதே போதனை வேறொரு பக்கம் திரும்பியது. தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வரிசையை எழுதியபோது, கிராம தேவதைகளையும் அவற்றின் கீழுள்ள பேய்களையும் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். 1849இல் மிஷனரி கால்டுவெல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி எழுதிய நூலில் தென்கோடி மக்களின் வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றே வகைப்படுத்தினார். அந்த நூல் அச்சமூகத்தைப் பின்னாளில் எவ்வளவு புண்படுத்தியது என்பது தமிழ்நாட்டு வரலாற்றில் பதிவான செய்தி. விண்ணில் நடந்த போர் இப்படித்தான் தெருவுக்கு இறங்கியது. பக்கத்து வீட்டு மாரியம்மன் வலுசர்ப்பத்தின் படையில் ஒருத்தி ஆனாள். சொந்தப் பாட்டி கும்பிட்ட சாமி பகைவன் ஆயிற்று. மிக்கேலின் பெயரைச் சொல்லித் தொடங்கியது, லெப்பாந்தோவில் வந்து நின்றது.

கத்தோலிக்கர் தெருவில் இந்தப் பகை இவ்வளவு கூர்மையாக இல்லை. தூத்துக்குடிப் பக்கத்துப் புளியம்பட்டி அந்தோனியாரிடமும், குமரி மாவட்டத்து ராஜாவூர் மிக்கேல் அதிதூதரிடமும் பேய் பிடித்தவர்களை இந்துக்களும் கூட்டிவருகிறார்கள். அங்கே புனிதர் ஒரு நீதிபதி. பேய் பெயர் சொல்லும், அழும், மன்றாடும், போய்விடும். பசாசு வேறு, செத்தவர் வேறு என்ற இறையியல் அங்கே செல்லாது. தங்கவயல் கத்தோலிக்கருக்கு இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. 1886இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ, சிறு பூசையின் முடிவில் அதிதூதர் மிக்கேலை நோக்கி ஒரு ஜெபம் சொல்ல வேண்டும் என்று உலகத் திருச்சபை முழுவதற்கும் கட்டளையிட்டார். அப்போதுதான் தங்கவயலின் மைசூர் சுரங்கத்தில் தங்கத்தின் செழிப்பான படிவம் அகப்பட்டு, அந்த இடம் ஊராகத் திரண்டுகொண்டிருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் மாற்றங்களோடு அந்தக் கட்டளை நீங்கும் வரை, அதாவது 1960களின் நடுப்பகுதி வரை, மூன்று தலைமுறைச் சுரங்கத் தொழிலாளிகள் பூசை முடிவில் மண்டியிட்டு, போரில் காக்கும்படி மிக்கேலை வேண்டினார்கள்.

அவர்களுடைய போர் எது? 1947இல் தங்கவயலில் நடந்த ஆய்வில், சோதிக்கப்பட்ட ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோருக்கு சிலிக்கோசிஸ் இருந்தது தெரியவந்தது. துளையிடும்போது எழும் பாறைத் தூள் நுரையீரலில் படிந்து, மூச்சை இறுக்கிக் கொல்லும் நோய். இருமி இருமி மெலிந்த ஒருவனுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்வது எளிது. செய்வினை என்று சொல்வது இன்னும் எளிது. தூளை அடக்கத் தண்ணீர் பாய்ச்சித் துளையிடுவது, காற்றோட்டம் தருவது, நோயைத் தொழில் நோயாக ஏற்று இழப்பீடு தருவது: இவையெல்லாம் பிசாசிடம் அல்ல, நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவை. ஆவிக்குரிய யுத்தம் பேசியவர்கள் இதைப் பேசாத இடத்திலெல்லாம், அவர்கள் அறியாமலேயே கம்பெனிக்கு உதவினார்கள் என்பது என் கருத்து.

இதற்கு நேர்மாறான வாசிப்புக்கும் அதே வேதத்தில் இடம் இருந்தது. வெளிப்படுத்தின விசேஷத்தில் மிக்கேல் தோற்கடிப்பவனுக்குச் சூட்டப்படும் அடையாளம், இரவும் பகலும் சகோதரர்மேல் குற்றம் சாட்டுகிறவன் என்பது. தங்கவயல் தொழிலாளி ஒவ்வொரு ஷிப்டு முடிவிலும் திருடனாகச் சந்தேகிக்கப்பட்டவன். அவன் உடம்பைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விட்டார்கள். 1930இல் எல்லாத் தொழிலாளர்களின் கைரேகையையும் பதிவுசெய்யக் கம்பெனி முனைந்தபோது, அந்த ஏப்ரல் மாதத்தில் சுமார் மூன்று வாரம் சுரங்கங்கள் நின்றன. கூலி உயர்வை முதன்மையாக வைத்து எழுந்த போராட்டம் அல்ல அது. நாங்கள் குற்றவாளிகள் இல்லை என்று ஆயிரக்கணக்கானோர் சொன்ன நாட்கள் அவை. இந்து, கிறிஸ்தவர், பௌத்தர் என்று பார்க்காமல் நின்றார்கள், கம்பெனி பின்வாங்கியது. குற்றம் சாட்டுகிறவனை எதிர்த்து நடந்த போர் என்று ஒன்றைத் தங்கவயலில் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பழைய மிஷன் சபைகளின் குருக்கள் பிசாசைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். இறையியல் கல்லூரியில் படித்துவந்தவர்களுக்கு அது சங்கடம் தரும் பொருள். சபையாருக்கோ பேயும் செய்வினையும் நாள்தோறும் உள்ள தொல்லை. சென்னைப் புராட்டஸ்டண்டுகளிடையே ஆய்வு செய்த லயனல் கேப்லன் 1987இல் வெளியிட்ட நூலில் இந்த இடைவெளியைத்தான் காட்டினார்: ஏழைகளின் அச்சத்தை மதித்துக் கேட்டவர்கள் பெந்தெகொஸ்தே போதகர்கள், கூட்டம் அங்கே போயிற்று. தங்கவயல் லைன்களிலும் உபவாச ஜெபம், முழு இரவு ஜெபம், விடுதலைக் கூட்டம் எல்லாம் வேரூன்றின. எபேசியர் நிருபத்தின் ஆறாம் அதிகாரம் சொல்லும் சர்வாயுதவர்க்கம், அங்கே பெண்களுக்கு மனப்பாடம்.

அந்த நிருபத்தின் அடிப்படை வாக்கியம் ஒன்று உண்டு: நமக்குப் போராட்டம் மாம்சத்தோடும் இரத்தத்தோடும் இல்லை என்பது அதன் சாரம். இதைப் பெண்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதை ஆண் எழுத்தாளர்கள் பெரும்பாலும் கவனித்ததில்லை. குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவன், இந்தக் கணக்கில், பகைவன் அல்ல. அவனைப் பிடித்திருக்கிற ஒன்றுதான் பகைவன். ஆகவே அவனை வெறுக்காமலே அவன் செய்வதை வெறுக்கலாம். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர் கூடி உட்கார்ந்து, அவன் பெயரைச் சொல்லி அழுது ஜெபிக்கலாம். வெளியே சொல்ல முடியாத வீட்டுத் துயரம் ஜெபக் குறிப்பு என்ற பெயரில் வெளியே வந்துவிடும். நத்தேனியல் ராபர்ட்ஸ் சென்னைச் சேரிப் பெண்களிடம் கண்டு 2016இல் எழுதியதும் இதற்கு அருகில்தான் வருகிறது: தன்மேல் அக்கறை கொள்ள யாராவது இருக்கிறார்களா என்பதே அவர்களின் ஜெபத்துக்கு அடியில் இருந்த கேள்வி. குடிக்கு எதிராகச் சுரங்க லைனில் நடந்த வேலைகளில் இந்தக் கூட்டங்களுக்கு நியாயமான இடம் உண்டு. அடி வாங்கும் பெண்ணைப் பொறுத்துக்கொள், ஜெபி என்று மட்டும் சொல்லி அனுப்பிய இடங்களும் உண்டு. அது ஊழியம் ஆகாது.

வலிப்பும் மனநோயும் பேயென்று கொள்ளப்பட்டுச் சிகிச்சை தவறிய உயிர்களையும் இங்கே நினைக்க வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபை 1614இல் வகுத்த பேயோட்டும் சடங்கை 1999இல் திருத்தியபோது, நோயையும் ஆவியையும் குழப்பக்கூடாது, மருத்துவம் அறிந்தவர்களைக் கலந்துகொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையை வலுவாக வைத்தது. ஆயரின் அனுமதியின்றி எந்தக் குருவும் அதைச் செய்யக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம். புராட்டஸ்டண்டு நற்செய்தி இயக்கத்தினர் 2000 ஆகஸ்டில் நைரோபியில் கூடியபோதும் இதே கவலைகள் எழுந்தன.

நைரோபிக் கூட்டத்துக்குக் காரணம் இருந்தது. அதே இயக்கத்தினர் 1989இல் மணிலாவில் நடத்திய லோசான் மாநாட்டைச் சுற்றி, அமெரிக்கரான பீட்டர் வாக்னர் போன்றோர் ஒரு புதிய கருத்தைப் பரப்பினார்கள்: ஒவ்வொரு ஊருக்கும் நாட்டுக்கும் அதை ஆளும் ஓர் அசுத்த ஆவி உண்டு, அதன் பெயரைக் கண்டுபிடித்து, வரைபடம் போட்டு, ஊரைச் சுற்றி நடந்து ஜெபித்துக் கட்டிப்போட வேண்டும். மொழிபெயர்ப்புகள் வழியாகவும் ஒலிநாடாக்கள் வழியாகவும் இது தமிழ்ச் சபைகளுக்கும் வந்தது. வரைபடத்தில் குறி எங்கே விழும்? ஊர்க் கோயிலின்மேல். கால்டுவெல் விட்ட இடத்திலிருந்தே, 140 ஆண்டு கழித்து, மறுபடி தொடங்கினார்கள். ஜெபிப்பவர் தம் மனதில் ஆவியை எதிர்க்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும் அண்டைவீட்டுக்காரர் தம்மையே எதிர்ப்பதாக உணர்கிறார். 2022இல் கர்நாடகம் மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது, அதை ஆதரித்தவர்கள் இந்தப் போர்மொழியையும் காரணமாக்கிக்கொண்டார்கள். அந்தச் சட்டத்தை நான் ஏற்கவில்லை. மனிதன் எதை நம்புவதற்கும் அரசின் அனுமதி தேவைப்படக்கூடாது. ஆனால் எபேசியர் நிருபத்தைக் கையில் வைத்துக்கொண்டே மாம்சத்தோடும் இரத்தத்தோடும் பகை வளர்த்தவர்கள், அந்த நிருபத்துக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் கொடுத்த ஊருக்கு மிஞ்சியவை, தங்கம் பிரித்தெடுத்த கழிவு குவிந்த சயனைடு மேடுகளும், கோடைக் காற்றில் அவற்றிலிருந்து எழும் தூளும், மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் பெங்களூருக்குக் கிளம்பும் ரயிலும். ஊருக்குச் சாபம் என்று சில மேடைகளில் சொல்லப்பட்டது. சாபம் இல்லை அது. ஒரு டன் பாறையில் கிடைத்த தங்கம் குறைந்துகொண்டே போனது, ஆழத்தில் எடுக்கும் செலவு ஏறிக்கொண்டே போனது, தொழிலாளியின் எதிர்காலத்துக்குத் திட்டமிடாமல் அரசுகள் நாளைக் கடத்தின. இவற்றில் ஒவ்வொன்றுக்கும் கோப்பு இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது.

இவ்வளவும் கிறிஸ்தவர் தெருவின் கதை. இதே லைன்களில், இதே சாதியில் பிறந்து, சாத்தானும் வேண்டாம் பேயும் வேண்டாம் என்று புத்தரிடம் போனவர்கள் இருந்தார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்பிலும் கிளைகள் எழுந்தன. அவர் 1914இல் மறைந்த பின், அவருடைய 'தமிழன்' இதழை 1926இல் தங்கவயலிலிருந்தே மறுபடி நடத்தியவர் அப்பாதுரையார். அவர்களைப் பற்றி அடுத்த இதழில்.